வழக்கு எண் வாங்குவதற்கு முன்

பணி ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட்ட விலகல் தொகையை நிர்வாகம் தரவில்லை என்று வருகிற கட்சிக்காரர், எவ்வளவு கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்பார். அவர் என்ன வேலை பார்த்தார் என்பதை நாம் அதற்கு முன்பே கேட்டாக வேண்டும். அவர் சட்டப்படி ‘தொழிலாளி’யா, எந்த மன்றத்துக்குப் போக வேண்டும் என்பதை அதுவே முடிவுசெய்கிறது.

நியமனக் கடிதத்தில் ‘மேலாளர்’ என்று இருந்தாலே உரிமையியல் நீதிமன்றத்துக்குப் பிராது தயாராகிறது. பதவியின் பெயரைப் பார்க்காதீர்கள், முதன்மையாகச் செய்த வேலையைப் பாருங்கள் என்று ஆர்க்கால் கோவிந்தராஜ் ராவ் வழக்கில் (1985) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருக்கு விடுப்பு தர, ஆள் எடுக்க, நீக்க அதிகாரம் இருந்ததா? இவற்றுக்கு விடை தெரியாமல் அறிவிப்பு அனுப்பவே கூடாது.

இன்னொரு அவசரம் பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 33-சி(2) மனு. ஏற்கெனவே நிலைபெற்ற உரிமைக்குத்தான் அங்கே தொகை கணக்கிட முடியும். உரிமையே மறுக்கப்பட்டால் முடியாது என்பது கணேஷ் ரசாக் தீர்ப்பு (1995). ‘இவர் தாமாக ராஜினாமா செய்தார்’ என்று நிர்வாகம் எதிருரை தாக்கல் செய்ததும் மனு அங்கேயே நின்றுவிடும். ஆட்குறைப்பு என்றால் ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம் தர வேண்டும். தாமாக விலகியவருக்கு அது இல்லை. மனிதவளத் துறை அறையில் உட்காரவைத்து ராஜினாமாக் கடிதம் வாங்குவது இதற்காகத்தான். அந்தக் கடிதம் மிரட்டி வாங்கப்பட்டது என்றால் அதைத் தனிநபர் தகராறாகச் சமரச அலுவலரிடம் எழுப்ப வேண்டும். சமரசம் ஏற்படாவிட்டால் நேரே தீர்ப்பாயத்தை அணுகலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலுறவுத் தொகுப்பில் தகராறு எழுப்புவதற்கான கெடு மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்திருக்கிறது. மேற்பார்வையாளரும் ‘தொழிலாளி’ ஆவதற்கான மாத ஊதிய வரம்பு 10,000 ரூபாயிலிருந்து 18,000 ஆகியிருக்கிறது. நகரத்து நிறுவனங்களில் இந்த உயர்வால் உள்ளே வருபவர்கள் சிலரே.

தவறான மன்றத்தில் கழிந்த காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கணக்கிலிருந்து விலக்கும், ஆனால் நல்லெண்ணமும் உரிய கவனமும் இருந்தால் மட்டுமே. நம் கவனக்குறைவுக்குக் கட்சிக்காரர் வருடங்களைக் கொடுக்கிறார். வீட்டுக் கடன் தவணை அதுவரை காத்திருப்பதில்லை.

நிர்வாகத் தரப்பில் தோன்றும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘இவர் தொழிலாளியே அல்ல’ என்ற முதல்நிலை ஆட்சேபத்தை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை இழுத்துச் சென்று தொழிலாளியைக் களைப்படைய வைக்கும் போக்கை டி.பி. மகேஸ்வரி வழக்கிலேயே (1983) உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. எல்லா எழுவினாக்களையும் சேர்த்தே விசாரியுங்கள் என்றது. அந்த ஆட்சேபம் இன்றும் தனி மனுவாகவே வருகிறது. வழக்கறிஞர் நினைத்தால் இதைத் தவிர்க்க முடியும்.

பணிக்கொடையைத் தனியே பிரித்துப் பாருங்கள். விலகல் தொகை என்ற ஒரே எண்ணுக்குள் அதையும் அடக்கி, ‘முழுமையும் இறுதியுமான தீர்வு’ என்று கையெழுத்து வாங்குகிறார்கள். பணிக்கொடை சட்டம் தந்த தனி உரிமை. முப்பது நாளில் தராவிட்டால் வட்டியும் சேரும். எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று பிரித்து எழுதாத ரசீதில் கட்சிக்காரரைக் கையெழுத்திட விடாதீர்கள்.