ஏற்காடு ஏறும்போது கியர் விழாமல் நிற்கும் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி: பழுது கியர் பாக்ஸிலா, அதை ஆட்டிவைக்கும் சின்னப் பெட்டியிலா?

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி சமயத்தில் கேட்கவே வேண்டாம், வண்டிகள் ஊர்ந்துதான் போகும்.

அப்படி ஊரும் வரிசையில் ஒரு ஆட்டோமேட்டிக் எஸ்யூவி. வளைவில் நின்று கிளம்பும்போது உதறுகிறது. மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது, உள்ளே குழந்தைகளோடு குடும்பம்.

எப்படியோ இறக்கி ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனால் பல நேரம் வரும் பதில் இதுதான்: "கியர் பாக்ஸ் போயிடுச்சு சார், மொத்தமா மாத்தணும்." பல மாடல்களில் இது லட்சத்தைத் தாண்டும் செலவு. ஆனால் பழுது கியர் பாக்ஸில் இல்லாமல், அதற்கு உத்தரவு கொடுக்கும் டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல் என்ற மின்னணுப் பெட்டியில் இருந்தால்? சுருக்கமாக டிசிஎம். பலரும் கார் வாங்கும்போது இதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

டிசிஎம் என்ன செய்கிறது?

மேனுவல் வண்டியில் எந்த கியர் வேண்டும் என்று முடிவு செய்வது ஓட்டுநரின் காதும் காலும். ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையை டிசிஎம் பார்க்கிறது. சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது, பிரேக் பிடித்திருக்கிறதா, ஆயில் எவ்வளவு சூடு என்று சென்சார்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை வைத்து, கியர் பாக்ஸுக்குள் இருக்கும் சொலினாய்டு வால்வுகளையோ மோட்டார்களையோ இயக்கி கியரை மாற்றும்.

தகவல் குழம்பினால், அல்லது பெட்டியே பழுதானால், பெரும்பாலான வண்டிகள் 'லிம்ப் மோட்' என்ற தற்காப்பு நிலைக்குப் போய்விடும். ஏதாவது ஒரு கியரில் பூட்டிக்கொண்டு, மெதுவாக வீடு போய்ச் சேர் என்று விடும். சமதளத்தில் அது உதவி. இரண்டாவது கியரே திணறும் வளைவில் மூன்றாவது கியரில் பூட்டிக்கொண்டால் வண்டி ஏறாது. இறங்கும்போது இன்னும் மோசம். கீழ் கியர் கிடைக்காவிட்டால் இன்ஜின் பிடிமானம் குறைந்து, எல்லாச் சுமையும் பிரேக் மேல் விழும்.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து கவிழ்ந்து பயணிகள் உயிரிழந்தது நினைவிருக்கலாம். அந்த விபத்துக்கும் இந்த மாட்யூலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்த இறக்கத்தில் வண்டி கைமீறினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

மலைப்பாதை ஏன் இதைச் சோதிக்கிறது?

முதல் காரணம் சூடு. நெரிசலில் ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பது நம்மூர்ப் பழக்கம். இரட்டை கிளட்ச் வகை கியர் பாக்ஸில் இது பாதி கிளட்ச்சில் நிற்பதற்குச் சமம். எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் என்றால் சீக்கிரம் கொதிக்கும். சில வகைகளில் டிசிஎம் கியர் பாக்ஸோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருக்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளே இருக்கும் சால்டர் இணைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அதனால்தான் மலையில் நின்றுபோன வண்டி, அரை மணி நேரம் ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க் ஷாப் போனால் "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்பார்கள்.

இன்னொன்று ஈரமும் எலியும். காபித் தோட்டங்களுக்கு நடுவே நிறுத்தும் வண்டிகளில் வயர் கடிபடுவது சாதாரணம். பழுது வயரில் இருக்கும், பழி பெட்டி மேல் விழும்.

தயாரிப்பிலேயே கோளாறு இருந்தால்?

இருந்திருக்கிறது, அதுவும் நம்ம ஊர் வண்டிகளில். 2024 பிப்ரவரியில் ஹூண்டாய் நிறுவனம் கிரெட்டா, வெர்னா கார்கள் 7,698-ஐ திரும்ப அழைத்தது. 2023 பிப்ரவரி 13 முதல் ஜூன் 6 வரை தயாரான 1.5 லிட்டர் பெட்ரோல் சிவிடி மாடல்கள் அவை. அதே மாதம் கியா நிறுவனமும் 4,358 செல்டோஸ் கார்களை அழைத்தது. இரண்டிலும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: கியர் பாக்ஸுக்கு ஆயில் அழுத்தம் கொடுக்கும் மின்னணு ஆயில் பம்ப்பின் கன்ட்ரோலரில் கோளாறு இருக்கலாம். அது டிசிஎம் அல்ல, ஆனால் அதே குடும்பம். கியர் பாக்ஸ் நன்றாக இருந்தும் அதை இயக்கும் மின்னணுப் பாகம் சொதப்பும் கதை. கிரெட்டா தயாராவது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில்.

டிசிஎம் பெயரே அடிபட்ட பெரிய விவகாரம் ஃபோர்டின் 'பவர்ஷிஃப்ட்' உலர் இரட்டை கிளட்ச் கியர் பாக்ஸ். அமெரிக்காவில் குறிப்பிட்ட ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களின் டிசிஎம்-க்கு மட்டும் 10 ஆண்டு அல்லது 1.5 லட்சம் மைல் வரை வாரண்டியை அந்த நிறுவனமே நீட்டித்தது. ஆஸ்திரேலியாவில் 2018-ல் ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அபராதம் கியர் பாக்ஸ் பழுதானதற்காக அல்ல. புகார் சொன்ன வாடிக்கையாளர்களை நடத்திய விதத்துக்காக. தரப் பிரச்சனை இருப்பது தெரிந்தும், "நீங்க ஓட்டுற விதம் அப்படி" என்று பலரிடம் சொல்லியிருந்தார்கள். நம்மில் பலருக்கும் கேட்டுப் பழகிய பதில்தான்.

இந்தியாவில் 2013-ல் வந்த ஈகோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கிலும் இதே பவர்ஷிஃப்ட் வகைதான். 2017 இறுதியில் வந்த புது மாடலில் டார்க் கன்வெர்ட்டர் கியர் பாக்ஸுக்கு மாறினார்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது, சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்றும் சொன்னது. செகண்ட் ஹேண்டில் பழைய ஈகோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக் வாங்க நினைப்பவர்கள் எந்த ஆண்டு மாடல், எந்த கியர் பாக்ஸ் என்று பார்ப்பது அவசியம்.

மாற்றச் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். பி0700 என்ற கோடு, கியர் கட்டுப்பாட்டில் ஏதோ சிக்கல் என்று மட்டும்தான் சொல்லும். அதை வைத்துக்கொண்டு பெட்டியை மாற்றச் சொல்வது, காய்ச்சல் என்றதும் ஆபரேஷனுக்கு தேதி குறிப்பது போல. யு0101 என்றால் டிசிஎம்-உடன் தொடர்பே அறுந்திருக்கிறது. அப்போதும் பேட்டரி வோல்டேஜ், எர்த் இணைப்பு, ஃபியூஸ், கனெக்டரில் பச்சைப் பூச்சு, கியர் ஆயில் அளவு எல்லாம் பார்த்த பிறகுதான் பெட்டியிடம் வர வேண்டும். சாஃப்ட்வேர் அப்டேட்டிலேயே தீரும் கேஸும் உண்டு.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டுவதோடு வேலை முடியாது. பார்ட் நம்பர் பொருந்த வேண்டும், புதுப் பெட்டிக்குள் உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணையும் அந்த மாடலுக்கான சாஃப்ட்வேரையும் ஏற்ற வேண்டும். பிறகு கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதைப் பெட்டிக்குக் கற்றுக்கொடுக்கும் 'அடாப்டேஷன்' செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் புதுப் பெட்டியோடும் வண்டி உதறும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய பெட்டி விலை குறைவு என்று வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். பல மாடல்களில் அது முதல் வண்டியின் எண்ணோடு பூட்டப்பட்டிருக்கும், சாதாரண ஸ்கேனரால் திறக்க முடியாது.

சட்டம் எந்த அளவுக்கு உதவும்?

பணம் கொடுக்கும் முன்பு, சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, திரும்ப அழைப்புப் பட்டியலில் வண்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சரிசெய்வது இலவசம். கடிதமும் மெசேஜும் பெரும்பாலும் முதல் உரிமையாளரின் எண்ணுக்கே போகும். கை மாறிய வண்டியை வைத்திருப்பவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

2021 ஏப்ரல் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு நடைமுறையில் இருக்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் புகார்கள் குவிந்தால், திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். ஆனால் 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இது பொருந்தும். மின்னணுப் பாகங்கள் களைத்துப்போவது பெரும்பாலும் அதற்குப் பிறகு என்பதால், இந்த வரம்பு வாகன உரிமையாளருக்குப் பாதகமானது என்றே சொல்ல வேண்டும். புகாரை வாகன் போர்ட்டலில் பதிவு செய்யலாம். "எனக்கு ஒருத்தனுக்கு மட்டும்தான் இப்படி" என்று விட்டுவிட்டால் எண்ணிக்கை சேரவே சேராது.

தனிப்பட்ட இழப்பீட்டுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கால வரம்பு 2 ஆண்டு. 1915 என்ற உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட், ஜாப் கார்டு, கழற்றிய பழைய பெட்டி மூன்றையும் விடாதீர்கள். பழைய பெட்டி போய்விட்டால் அது உண்மையிலேயே பழுதா என்று நிரூபிக்க வழியில்லை.

மலையில் நின்றுவிட்டால்?

ஹசார்டு லைட் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். எச்சரிக்கை விளக்கு மறுபடி எரிந்தால் ஏற வேண்டாம். நியூட்ரலில் உருட்டி இறக்கவே வேண்டாம். கயிறு கட்டி இழுப்பதும் தப்பு. பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கில் இன்ஜின் ஓடினால்தான் ஆயில் பம்ப் ஓடும். ஓடாத நிலையில் சக்கரம் சுற்றினால், பெட்டியோடு போக வேண்டிய பழுது கியர் பாக்ஸுக்கும் பரவும். சேலத்திலிருந்து ஃபிளாட்பெட் லாரி வரச் சொல்லி, நான்கு சக்கரமும் மேலே ஏறியபடி இறக்குங்கள்.