மாதாவிடம் சொல்லும் கணக்கு

சகோதரிகளே, இம்முறை செபத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர், "நீர் எப்ப உபதேசியார் ஆனனீர்?" என்று கேலி செய்தார். உபதேசம் செய்ய எனக்குத் தெரியாது. ஆனால் கரையோரக் கிராமங்களுக்குப் போய்வரும் எவரும் இந்த விடயத்தைக் காணாததுபோல் கடந்துவிட முடியாது. அங்குள்ள பெண்கள் தமது கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கும்போதே மாதாவையும் அந்தோனியாரையும் கூடவே அழைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையிலேயே கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாகக் கூடியது. அந்த நாட்களில் மன்னார்ப் பக்கம் ஒரு தாயிடம் அடிக்கடி போனேன். மூன்று பிள்ளைகள். கணவர் சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணம் ஒரு பக்கம், அவர் பெயரில் எடுத்த கிழமைக் கடன் இன்னொரு பக்கம். அப்படியிருந்தும் பொழுதுபட்டதும் பாயை விரித்துப் பிள்ளைகளை இருத்திச் செபமாலை சொல்வதை அவர் ஒருநாளும் விட்டதில்லை. "கேட்டது கிடைக்குதா அக்கா?" என்று கேட்டேன்.

"கேட்டதெல்லாம் எங்க கிடைக்குது மிஸ்? கடன்காரனிட்டச் சொல்லேலாது. இவரிட்டச் சொன்னா இவரும் உடைஞ்சு போவார். அம்மா அழுவா. மாதாவிட்ட எண்டா இருக்கிற கணக்கு முழுக்கச் சொல்லலாம்."

அவர் கணக்கு என்று சொன்னது வெறும் பேச்சுக்காக அல்ல. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தக் கிழமை, எதை முதலில் கட்டுவது என்று ஒவ்வொன்றாக மாதாவுக்கு எடுத்துச் சொல்வாராம். சொல்லி முடிக்கும்போது அடுத்த நாள் செய்ய வேண்டியது தனக்கே விளங்கிவிடும் என்றார். ஆலோசனை வழங்கும் பயிற்சிகளில் எமக்குச் சொல்லித்தருவதும் ஏறக்குறைய இதுதான். மனதில் கிடப்பதை வாயால் வரிசைப்படுத்த வேண்டும், குறுக்கிடாமல் கேட்க ஒருவர் வேண்டும்.

செபமாலையில் ஐந்து பத்துக்கள் உண்டு. முழுவதும் சொல்லி முடித்தால் 53 தடவை மங்கள வார்த்தை செபம் சொல்லியிருப்போம். ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று இளம்பிள்ளைகள் கேட்கிறார்கள். 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை வைத்து இதைப் பார்த்து, பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். அந்தச் செபத்தை இலத்தீனில் சொன்னபோது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்கு இறங்கியது; இதயத் துடிப்பின் ஒழுங்கும் நன்றாகியது. யோக மந்திரம் சொன்னபோதும் அதேதான். தேவாரமும் ஓதலும் கேட்டு வளர்ந்த சகோதரிகளுக்கு இது ஆச்சரியமாக இராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செபம் என்றால் எப்போதும் நன்றியும் துதியுமாக இருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். வேதாகமத்தில் உள்ள 150 சங்கீதங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் கணிசமானவை புலம்பல்கள்தான். 88ஆவது சங்கீதம் கடைசிவரை ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதை எவரும் வெட்டி எறியவில்லை. எமது கத்தோலிக்க ஊர்களில் தபசு காலத்தில் வியாகுல பிரசங்கம் வாசிக்கிற வழக்கமும் இப்படித்தான். 1705இல் இலங்கைக்கு வந்த கோவைத் தீவுக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி தமிழில் எழுதியது அது. அதைக் கேட்கும் பெண்கள் மாதாவின் துயரத்துக்கென்று அழத் தொடங்கி, காணாமற்போன மகனுக்கும் கடலோடு போன கணவனுக்கும் சேர்த்து அழுது முடிப்பதைக் கண்டிருக்கிறேன். ஏன் அழுகிறாய் என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

சேர்ந்து செபிப்பதன் பெறுமதி 2019இல்தான் பலருக்கு விளங்கியது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. ஹோட்டல்களில் இறந்தவர்களையும் சேர்த்து 260க்கும் அதிகமானோர் மாண்டனர். அடுத்த ஞாயிறு கத்தோலிக்கக் கோயில்களில் பூசை இல்லை; கர்தினால் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். "பூசை கண்டாச்சு, ஆனா மனம் ஆறேல்ல" என்று ஒரு மாமி சொன்னார். பூசை முடிந்து வெளியில் நின்று நாலு பேரின் கையைப் பிடித்துக் கதைக்கிற அந்த அரை மணித்தியாலம் அவருக்கு இல்லாமற் போயிருந்தது. சமூகவியல் வகுப்பில் டேர்க்ஹைம் 1912இல் எழுதியதைப் படித்தபோது, சமயச் சடங்கின் வலு ஒன்றுகூடுவதில் இருக்கிறது என்பதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். அந்த மாமி சொன்ன பிறகு அது எனக்குப் பாடமாகத் தெரியவில்லை.

ஆனால் செபத்தைக் கொண்டு பெண்களின் வாயை அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அடி வாங்கிக்கொண்டு வருகிறவளுக்கு, "செபம் பண்ணிப் பொறுத்துக்கொள், அவர் மாறுவார்" என்று சொல்லி அனுப்புவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் 12 மாதங்கள் வரையான பாதுகாப்புக் கட்டளை பெறலாம். இதைச் சொல்லாமல் செபத்தை மட்டும் சொல்வது அரைகுறை உதவி. அதேபோல் "விசுவாசம் இருந்தால் குளிசை எதற்கு" என்று மனநோய்க்கான மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்களின் கூட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சிஸ்டர் வேறு விதம். அடிபட்டு வந்த ஒரு பிள்ளைக்காகச் செபித்துவிட்டு, அடுத்த நாட்காலையே அவளோடு பஸ் ஏறினார். ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்ற வாங்கில் அவள் பக்கத்தில் இருந்து, செபமாலையை உருட்டிக்கொண்டே வழக்கு இலக்கம் கூப்பிடுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். கட்டளை கிடைத்தது. கூடப் போக ஆளில்லாதவர்கள் பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு அழைக்கலாம், மனச்சோர்வுக்கு 1926.