கல்விக் கடன்: கட்டலாமா, காத்திருக்கலாமா?

“ஏனுங்க, படிப்புக் கடனைக் கட்டோணுங்களா, இல்லை தள்ளுபடி வருமுங்களா?”

அன்னூர் வட்டாரத்தில் பாங்க் படி ஏறும் தகப்பன்மார்களின் கேள்வி இது. காடு வைத்திருப்பவர், தறி ஓட்டுபவர், மில் வேலைக்குப் போகிறவர் எல்லோருக்கும் இதே கேள்விதான். கவுண்ட்டரில் இருக்கும் குமாஸ்தா என்ன சொல்வார், பாவம்! “கட்டுங்க” என்பதைத் தவிர அவருக்கு வேறு உத்தரவு இல்லை.

கிளப்பி விட்டவர்கள் அரசியல்வாதிகள். 2016 தேர்தலில் இரண்டு பெரிய கழகங்களும் கல்விக் கடனைத் தீர்ப்பதாகச் சொல்லி ஓட்டுக் கேட்டன. 2021-ல் 30 வயதுக்கு உட்பட்டவர்களின் கடன் ரத்து என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. ஓட்டு விழுந்தது. வருடக் கணக்கில் காத்தும் அரசாணை வரவில்லை.

பயிர்க் கடன் தள்ளுபடி ஆச்சே, படிப்புக் கடன் ஏன் ஆகாது என்று கேட்பார்கள். நியாயம்தான். 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் பயிர்க் கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. ஆனால் அது கூட்டுறவுக் கடன். கூட்டுறவு சங்கம் மாநில அரசின் கைக்குள் இருப்பது. கல்விக் கடன் கொடுத்ததோ பெரும்பாலும் தேசிய வங்கிகள். கோட்டையிலிருந்து ஒரு உத்தரவு போட்டால் அந்தக் கணக்கு தீராது. கஜானாவிலிருந்து பணத்தை எடுத்து பாங்கில் கட்டினால்தான் தீரும். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் வராதே!

கடன் கொடுத்ததே மத்திய அரசாக இருந்த அமெரிக்காவிலும் இது லேசில் நடக்கவில்லை. ஜனாதிபதி பைடன் 2022-ல் அறிவித்த சுமார் 40,000 கோடி டாலர் தள்ளுபடியை, 2023 ஜூனில் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். வருடம் 1 லட்சம் வீதம் நாலு வருடத்துக்கு 4 லட்சம். வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்போது கடன் 5 லட்சத்து 40 ஆயிரம்! 10 வருடத்துக்கு மாதம் 7,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். சத்தி ரோட்டில் சரவணம்பட்டிக்கு பஸ் ஏறி 15,000 ரூபாய் சம்பளத்துக்குப் போகிற பையன் எங்கே போவான்?

தள்ளுபடி வரும் என்று சும்மா இருந்தாலோ, 90 நாள் பாக்கி விழுந்ததும் வாராக்கடன். பையன் பெயர் மட்டுமல்ல, கூடக் கையெழுத்துப் போட்ட அப்பா பெயரும் கெடும். வசூல் நெருக்கடி தாங்காமல் 2016-ல் மதுரையில் ஒரு இளம் இன்ஜினியர் உயிரை விட்டதைத் தமிழ்நாடு மறந்திருக்காது.

கடனே வாங்காமல் படிக்க வைக்கவும் அரசுக்குத் தெரியும். முதல் பட்டதாரிச் சலுகை 2010-ல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பு இடம் கொடுத்து, கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது 2021-ல். இதைத்தான் விரிக்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் இடங்களைக் கூட்ட வேண்டும்.

பழைய கடனுக்கு என்ன வழி? 4 லட்சம் வரை வாங்கிய ஏழைக் குடும்பங்களின் வட்டியையாவது அரசு பட்ஜெட்டில் பணம் ஒதுக்கிக் கட்டட்டும். முடியாது என்றால் முடியாது என்று பளிச்சென்று சொல்லட்டும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறுகிறது, ஐயா!

அந்தத் தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. தள்ளுபடியை நம்பித் தவணையை நிறுத்தாதீர்கள். கட்ட முடியவில்லை என்றால் மானேஜரைப் பார்த்து, தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களின் தொழிற்படிப்புக் கடனுக்கு, படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009-லேயே வந்தது. அது உங்கள் கணக்கில் வரவு ஆகியிருக்கிறதா? நாளைக்கே பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.