பழைய வீட்டை வாங்குமுன்

பனியன் கம்பெனிகளில் உழைத்து, சனிக்கிழமைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, குண்டடம் போன்ற ஊர்களில் பழைய ஓட்டு வீடொன்றை வாங்கிச் செப்பனிட்டுக் குடியேற நம்மில் பலர் விரும்புகிறோம். நல்ல விருப்பமே. ஆயினும் விலை குறைவு என்பதற்காக உடனே முன்பணம் கொடுத்துவிடுவது அறிவுடைமை ஆகாது. வீட்டின் குறைகளை முழுமையாக அறிந்த பின்னரே விலையைப் பேச வேண்டும்.

ஓடு மாற்றுவது எளிது. அதைத் தாங்கும் விட்டத்தையும் கைமரங்களையும் கரையான் அரித்திருந்தால் கூரை முழுவதையும் பிரிக்க நேரும். கரிசல் மண்ணில் நிற்கும் வீடாயின், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் நிலம் சுவரைப் பிளக்கும். மேலே பூசும் சிமெண்டு அதைத் தடுக்காது. எனவே அனுபவமுள்ள கொத்தனாரையும் தச்சரையும் அழைத்துச் சென்று காட்டி, பழுதுபார்க்கும் செலவை எழுதி வாங்கி, விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். அத்தொகை நம் கையிருப்பை மிஞ்சி வட்டிக் கடனில் தள்ளுமாயின், அவ்வீடு நமக்கு மலிவானதன்று.

விற்பவருக்கும் கடமை உண்டு. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. விரிசலின் மேல் வெள்ளையடித்து விற்பதும் அத்தகையதே. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவும், வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியக் குறைகளை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மறைந்திருந்த குறை பின்னர் தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஹனஃபி மத்ஹப் வழங்குகிறது. ஆனால் குறையை அறிந்த பிறகும் பழுதுபார்க்கத் தொடங்கினால், அது சம்மதமாகவே கொள்ளப்படும்.

நாம் பெரிதும் கவனிக்கத் தவறும் குறை ஒன்றுண்டு. பழைய வீடுகள் பல பரம்பரைச் சொத்துகள். அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் பெண் மக்களுக்கும் பங்கை விதித்திருக்க, அதைக் கொடாமலே விற்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களையே காட்டும். சகோதரிக்குப் பங்கு கிடைத்ததா என்பதைக் காட்டாது. "அவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள்" என்று அண்ணன் சொல்வதும் போதாது. வாரிசுச் சான்றைப் பார்த்து, பெண்களிடம் நேரில் கேட்டு, அவர்களும் மனமொப்பிக் கையெழுத்திட்டாலன்றி அவ்வீட்டை வாங்கலாகாது. சுவரைக் கொத்தனார் சரிசெய்வார். பிறர் பங்கின் மேல் குடியிருப்பதை எந்தக் கொத்தனாரும் சரிசெய்ய முடியாது.

இஸ்திகாரா தொழுவோம். விசாரிக்க வேண்டியவர்களையும் விசாரிப்போம். ஹலாலான, பரக்கத் நிறைந்த இல்லங்களை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.