பேச மட்டும் அனுமதி

என் ரூம்மேட் பிலிப்பைன்ஸ்காரன். போன வாரம் அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்தோட போட்டோ காட்டினான். தரையிலேர்ந்து தூக்கிக் கட்டின கட்டடம், உயரமான கூரை, பெரிய பெரிய ஜன்னல். "இது கபால்டோன்"னான். ஏதோ கட்டடப் பாணின்னு நினைச்சேன். மனுஷன் பேராம்! அன்னிக்கு ராத்திரி தீசிஸை மூடி வெச்சுட்டு அவரைப் பத்திப் படிச்சேன்.

இசௌரோ கபால்டோன். 1875ல் நுவேவா எசிஹா மாகாணத்தில் பிறந்த வக்கீல். அமெரிக்க ஆட்சியில் முதல் தேசியத் தேர்தல் நடந்து 1907ல் பிலிப்பைன் சட்டசபை கூடியபோது அதில் உறுப்பினர். அமெரிக்கர்கள் அதிகம் இருந்த கமிஷன்தான் மேலவை. அதையும் தாண்டி அதே வருஷம் அவரோட மசோதா 1801ஆம் எண் சட்டமாச்சு. கிராமங்களில் உறுதியான பள்ளிக்கூடம் கட்ட 10 லட்சம் பெசோ!

அப்புறம் 1916ல் செனட். 1920லிருந்து 1928 வரை வாஷிங்டனில் பிலிப்பைன்ஸ் பிரதிநிதி. அந்தப் பதவிதான் வேடிக்கை. அமெரிக்க காங்கிரஸில் எழுந்து பேசலாம், ஓட்டுப் போட முடியாது. எட்டு வருஷம் விடுதலை வேணும்னு பேசினார், கவர்னர் ஜெனரல் லியோனார்ட் வுட்டை எதிர்த்துப் பேசினார். கடைசியில் ராஜினாமா. 1942ல், ஜப்பான்காரன் பிடியில் இருந்த மணிலாவில் இறந்துபோனார். விடுதலை வந்தது 1946ல்.

"வெள்ளைக்காரன் இங்கிலீஷ் சொல்லித்தர இடம் கட்டிக் கொடுத்தவர்தானே?"ன்னு நீங்க கேட்கலாம். நானும் கேட்டுக்கிட்டேன். நியாயமான கேள்விதான், அந்தப் பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம்தான். ஆனா பாடப்புத்தகம் மாறும், கொடி மாறும், கட்டடம் ஊரோட சொத்தா நிக்கும். விடுதலை வரட்டும், அப்புறம் கட்டிக்கலாம்னு அவர் காத்திருந்தா, 39 வருஷத்துப் பிள்ளைங்க எங்க உட்கார்ந்திருக்கும்? அடிமை நாட்டுச் சட்டசபையிலும் உருப்படியா ஒரு வேலை செய்யலாம்ங்கிறதுக்கு அவர் சாட்சி. ஓட்டில்லாத இடத்தில் பேசினது அவைக்குறிப்போட போச்சு. ஓட்டு இருந்த இடத்தில் செஞ்சது நூறு வருஷம் தாண்டி நிக்குது. மிச்சமிருக்கிற கபால்டோன் பள்ளிகளைப் பாதுகாக்க 2019ல் தனிச் சட்டமே வந்திருக்கு.

ரூம்மேட்டோட பாட்டியும் அதே பள்ளியில்தான் படிச்சாங்களாம். கபால்டோன் யாருன்னு அவங்களுக்குத் தெரியாதாம். பள்ளிக்கூடம்னாலே அதான் பேருன்னு நினைச்சிருந்தாங்களாம்.

இதைவிட ஒரு அரசியல்வாதிக்கு என்னங்க வேணும்? மாற்றுக்கருத்து இருந்தா பின்னூட்டத்தில் வாங்க, பேசுவோம்.