உங்கள் வை-ஃபை யார் பெயரில் ஓடுகிறது?

"நெட் ரொம்ப மெதுவா வருதுங்க தம்பி, ஒரு எட்டு வந்து பாருங்க" என்று எங்கள் தெருவில் பவர் டேபிள் நடத்தும் பெரியவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார். எனக்கு இது பழகிப் போன விஷயம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வாரக் கடைசியில் திருப்பூர் வந்தால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக அழைப்பார்கள். இவர் வீட்டில் கீழே தையல் மிஷின்கள், மாடியில் குடும்பம். கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கி, ஃபைபர் இணைப்பும் எடுத்திருந்தார்.

கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை. பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என டைப் செய்தேன். ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கம் வந்தது. யூசர் நேம் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. முதல் முயற்சியிலேயே கதவு திறந்து கொண்டது. அங்கே, இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் 23 பெயர்கள்! மொபைல் போன்கள், டி.வி., கம்ப்யூட்டர், கேமரா ரெக்கார்டர் என வீட்டுக் கணக்கு 7-ல் முடிந்து விட்டது. கீழே வேலை செய்பவர்களின் போன்கள் ஒரு பத்து இருக்கலாம். மீதி யாருடையவை என்று யாருக்கும் தெரியவில்லை.

"வை-ஃபை பாஸ்வேர்ட் என்னங்க?" என்று கேட்டேன். தன் மொபைல் எண்ணைச் சொன்னார். இணைப்பு கொடுக்க வந்தவர் அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதே எண் வாசலில் 'ஜாப் ஒர்க் செய்து தரப்படும்' என்ற போர்டில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்க விட்ட மாதிரிதான். உங்கள் தெருவில் இருக்கும் போர்டு எண்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

போர்டு இல்லாவிட்டாலும் மொபைல் எண் நல்ல பாஸ்வேர்ட் அல்ல. நம் நாட்டில் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும். எனவே மொத்தமே 400 கோடி எண்கள்தான் சாத்தியம். உங்கள் போன் ரூட்டருடன் கைகுலுக்கும் அந்தச் சில நொடிப் பரிமாற்றத்தைத் தெருவில் இருந்தபடியே பதிவு செய்து கொண்டால் போதும். வீட்டுக்குப் போய், ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டின் துணையோடு வினாடிக்குச் சில லட்சம் எண்களைச் சோதிக்கலாம். ஒரு இரவு தாங்காது.

நான் இதையெல்லாம் விளக்கியபோது அவர் சிரித்தார். "அன்லிமிடெட் தானுங்க தம்பி. கிணத்துத் தண்ணி மாதிரி. நாலு பேரு எடுத்தா நமக்கென்ன கொறைஞ்சு போச்சு? கீழ வேலை செய்யற பசங்க ஒடிசாவுல இருக்கற அம்மா அப்பாவோட வீடியோவுல பேசறாங்க. அதைப் போயி நிறுத்தச் சொல்றீங்களே?"

அவர் மனசை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவனுக்கு அந்தப் பத்து நிமிடப் பேச்சு எவ்வளவு பெரியது என்று திருப்பூரில் வளர்ந்த எனக்கும் தெரியும். ஆனால் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போகிறவன் அதை என்ன செய்தான் என்று யாரும் கிணற்றுக்காரரிடம் கேட்பதில்லை. இன்டர்நெட் அப்படி இல்லை. அதன் வழியாகப் போவது எல்லாமே இணைப்பு எடுத்தவர் பெயரில்தான் போகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு கசப்பான சம்பவம் இருக்கிறது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, இந்தியன் முஜாஹிதீன் என்ற பெயரில் டி.வி. சேனல்களுக்கு ஒரு இ-மெயில் வந்தது. அதன் ஐ.பி. முகவரியைப் பிடித்துக் கொண்டு போன போலீஸ், நவி மும்பையில் ஒரு குடியிருப்பில் போய் நின்றது. அங்கே வசித்தவர் அமெரிக்கர். அவருக்கும் அந்த மெயிலுக்கும் தொடர்பில்லை; அவருடைய வை-ஃபை இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தி இருந்தார்கள். அது தெளிவாகும் வரை விசாரணை, கம்ப்யூட்டர் பரிசோதனை, டி.வி.யில் பெயர் என அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் வந்த மெயில் மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வை-ஃபையில் இருந்தும், செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மெயில் செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வை-ஃபையில் இருந்தும் போயிருந்தன. அக்டோபரில் இந்த மெயில்களுக்காகக் கைதானவர்களில் ஒரு மென்பொருள் பொறியாளரும் உண்டு. அதைச் சொல்லும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது.

2009 பிப்ரவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வை-ஃபை பயன்படுத்துபவர்களை அடையாளம் காண வழி செய்ய வேண்டும் என இன்டர்நெட் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ரயில் நிலைய வை-ஃபையில் சேரும்போது உங்கள் மொபைலுக்கு ஓ.டி.பி. வருவது இதனால்தான். உங்கள் வீட்டு ரூட்டர் ஓ.டி.பி. கேட்பதில்லை. அங்கே பதிவாகி இருக்கும் ஒரே அடையாளம் நீங்கள்தான்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, என்ன பண்ணோணும்?" என்றார்.

முதலில் மாற்றியது ரூட்டரின் உள்ளே நுழையும் அந்த 'அட்மின்' பாஸ்வேர்டை. பலரும் வை-ஃபை பாஸ்வேர்டும் இதுவும் ஒன்றே என நினைக்கிறார்கள். இவை வேறு வேறு. இது மாறாமல் இருந்தால், உங்கள் நெட்வொர்க்கில் சேர்ந்த எவரும் ரூட்டரையே தன் வசமாக்கலாம். நீங்கள் டைப் செய்யும் வங்கி முகவரியைப் போலித் தளத்துக்குத் திருப்பிவிட முயற்சி செய்யலாம். 2016-ல் உலகைக் கலங்கடித்த 'மிராய்' வைரஸ் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகள் சுமார் 60-ஐ வைத்துக் கொண்டே லட்சக்கணக்கான கேமரா ரெக்கார்டர்களிலும் ரூட்டர்களிலும் புகுந்தது. இவருடைய கேமரா ரெக்கார்டரின் பாஸ்வேர்டும் அந்த வகைதான், அதையும் மாற்றினோம்.

அடுத்து, செக்யூரிட்டி என்ற பகுதி. டபிள்யு.இ.பி. என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். அதை உடைக்கும் வழி 2001-லேயே வெளியாகி விட்டது. டபிள்யு.பி.ஏ.2 அல்லது, ரூட்டரில் இருந்தால், டபிள்யு.பி.ஏ.3 தேர்ந்தெடுக்கவும். டபிள்யு.பி.எஸ். என்ற வசதியை நிறுத்தி விடுங்கள். அதன் 8 இலக்க எண்ணை ரூட்டர் இரண்டு துண்டுகளாகச் சரி பார்ப்பதால் 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011-ல் தெரிய வந்தது. நெட்வொர்க்கின் பெயரை மறைத்து வைப்பது, எம்.ஏ.சி. முகவரி வடிகட்டுவது இரண்டையும் பாதுகாப்பு என்று சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில் வெட்டி வேலை. மறைத்த பெயரைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருள் இருக்கிறது, எம்.ஏ.சி. முகவரியைக் காப்பி அடிக்கவும் முடியும்.

புது பாஸ்வேர்டுக்கு, ஒன்றோடு ஒன்று ஒட்டாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து வைத்தோம். மகள்தான் சொற்களைத் தேர்ந்தெடுத்தாள். 63 எழுத்து வரை வைக்கலாம் என்பதால் நீளத்துக்குப் பயப்பட வேண்டாம்.

வேலை செய்யும் பையன்களுக்கு? ரூட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற வசதி இருந்தது. அதை இயக்கி, தனி பாஸ்வேர்ட் கொடுத்தோம். அதில் சேர்பவர்களுக்கு இன்டர்நெட் கிடைக்கும். மாடியில் இருக்கும் கம்ப்யூட்டரும், அதில் உள்ள சம்பளக் கணக்கும், பார்ட்டி அனுப்பிய டிசைன்களும் தெரியாது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லி விட வேண்டும். கெஸ்ட் நெட்வொர்க்கில் போவதும் அவர் பெயரில்தான் போகும். இப்போதெல்லாம் ஒருவர் போனில் தெரியும் க்யூ.ஆர். கோடை இன்னொருவர் ஸ்கேன் செய்தால் பாஸ்வேர்ட் தெரியாமலே சேர்ந்து விடலாம். எனவே மாதம் ஒருமுறை அதை மாற்றி, தெரிந்த முகங்களுக்கு மட்டும் தருவது என்று முடிவானது. "சம்பள நாள்ல மாத்திப் போடலாமுங்க, அப்பத்தான் எல்லாரும் நேர்ல வருவாங்க" என்றார். எனக்குத் தோன்றாத யோசனை.

அன்று இரவு ஒன்பது மணிக்கு மறுபடியும் போன். கேமரா ஓடவில்லை, டி.வி.யும் இணையவில்லை. புது பாஸ்வேர்டை அவற்றில் கொடுக்க மறந்திருந்தேன். நீங்கள் மாற்றும் நாளில் இதற்கென அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். நான் சட்டையை மாட்டிக் கொண்டு மறுபடி கிளம்ப வேண்டியதாயிற்று.