படத்தில் இல்லாத ஊர்

அண்மையில் எங்கள் துறை மாணவர்களுக்கு என் பயணப் படங்கள் சிலவற்றைத் திரையில் காட்டினேன். 2024 மே மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஹவாசு அருவிக்குத் தனியனாக நடந்து சென்று எடுத்த படங்கள் அவை. வறண்ட செம்பாறைச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 100 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. அதன் அடியில், கரைந்த சுண்ணாம்பினால் நீலமும் பச்சையும் கலந்து ஒளிரும் நீர். மாணவர்கள் வியந்தனர். நானும் உள்ளூரப் பூரித்தேன். முடிவில் மாணவி ஒருத்தி எழுந்து, "அருவிக்கு மேலே ஓர் ஊர் இருக்கிறது என்றீர்களே ஐயா, அந்த ஊர்க்காரர் ஒருவரைக்கூடப் படத்தில் காணோமே?" என்று கேட்டாள்.

ஏறத்தாழ நானூறு படங்கள் எடுத்திருந்தேன். ஒன்றிலும் அவ்வூர் இல்லை. வகுப்பில் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

அவ்வூரின் பெயர் சுபாய். கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தின் ஒரு கிளைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஹவாசுபாய் என்னும் பழங்குடியினரின் ஊர். அப்பெயருக்கே 'நீலப்பச்சை நீரின் மக்கள்' என்பதுதான் பொருள். ஊருக்குச் சாலை கிடையாது. மலைவிளிம்பில் வண்டியை நிறுத்திவிட்டு 8 மைல் நடக்க வேண்டும். இல்லையேல் குதிரை, ஹெலிகாப்டர். அஞ்சல் இன்றும் கோவேறு கழுதையின் முதுகில்தான் இறங்குகிறது. ஊரைக் கடந்து மேலும் இரண்டு மைல் அளவு நடந்தால் அருவியும் கூடாரத் திடலும்.

போய்வருவதற்கு அனுமதி பெறுவது பெரும்பாடு. ஒரே நாளில் சென்று திரும்ப இயலாது. திடலில் தங்குவதற்கு 2024-இல் மூன்று இரவுகளுக்குச் சேர்த்தே பதிய வேண்டியிருந்தது. அப்போது ஒருவருக்கு ஏறத்தாழ 400 டாலர். ஆண்டு முழுமைக்குமான இடங்கள் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. அங்கே வசிக்கும் என் தம்பி பல வாரங்கள் கணினிமுன் காத்திருந்து, யாரோ கைவிட்ட ஓர் இடத்தை எனக்குப் பெற்றுத் தந்தான். "ஓர் அருவியைப் பார்க்க இவ்வளவு கெடுபிடியா அண்ணா? இயற்கை எல்லோருக்கும் பொதுதானே?" என்று அலுத்துக்கொண்டான். நானும் ஆமோதித்தேன். இன்று ஆமோதிக்க மாட்டேன்.

விடியுமுன் நெற்றிவிளக்குடன் இறங்கத் தொடங்கினேன். வழியில் குடிநீர் கிடையாது. முதுகில் நீர்க்குடுவைகள், காமிரா, முக்காலி. எதிரே பொதிக்குதிரைகள் வரும்போது பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரின் பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். ஒருமுறை அப்படி நின்றபோது, குதிரைகளை ஓட்டிவந்த பெரியவர் தலையசைத்தார், நானும் அசைத்தேன். இரண்டு மணி நேரத்தில் நான் கண்ட முதல் மனிதர் அவர்.

ஊருக்குள் மக்களைப் படம் எடுக்கலாகாது என்பது அவர்கள் வருவோரிடம் வேண்டுவது. காமிராவைப் பைக்குள் வைத்தேன். பள்ளிக்கூடம், ஒரு கடை, வேலியோரம் குதிரைகள், வாசலில் துணி காயும் வீடுகள். ஊர் எல்லை கடந்ததும் காமிராவை எடுத்தேன். மறுநாட்களில் வெயில் நேரே விழாத காலைப்பொழுதுகளில், நீர் பட்டுத்துகில்போலப் பதியும்படி நீண்ட ஒளிபதிவுகள் எடுத்தேன். குளிப்பவர்கள் விலகும்வரை காத்திருந்தேன். ஆளில்லாத அருவியே அழகு என்று நம்பினேன். ஊர் திரும்பியதும் ஒரு படத்தின் கீழ், 'மனிதர் காலடி படாத சொர்க்கம்' என்று எழுதி நண்பர்களுக்கு அனுப்பினேன். அந்தக் காலடிகளின் நடுவே நடந்து போனவன்தான் அப்படி எழுதினேன்.

இதைச் சிறு பிழை என்று விடுவதற்கில்லை. 'ஆளில்லா நிலம்' என்னும் எண்ணமே இம்மக்களின் நிலத்தைப் பறித்தது. கோடையில் பள்ளத்தாக்கில் பயிரிட்டு, குளிர்காலத்தில் மேட்டுநிலத்தில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் அவர்கள். 1882-இல் அரசு அவர்களுக்கு ஒதுக்கியது வெறும் 518 ஏக்கர். 1919-இல் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா ஆயிற்று. பூங்காவுக்குள் அவர்கள் பயிரிட்டு வந்த ஓரிடத்திலிருந்து 1928-இல் எஞ்சியிருந்தவரும் வெளியேற்றப்பட்டார். அவ்விடத்துக்கு 'ஹவாசுபாய் தோட்டம்' என்னும் பெயர் கிடைத்தது 2022-இல்தான். நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் 1975-இல் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் அவர்களுக்குத் திரும்பியது. அருவி இன்று அவர்களுடையது. அவர்கள் வீட்டு வாசலுக்கு வர நம்மிடம் அனுமதி கேட்கச் சொல்வதில் என்ன கெடுபிடி இருக்கிறது?

கட்டணம் எளியோரைத் தடுக்கிறது என்பர். உண்மை, எனக்கும் அது பெருந்தொகையே. ஆனால் சுற்றுலாதான் அவ்வூரின் முதன்மை வருவாய். அதையே அவர்கள் 2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக்கு அஞ்சி நிறுத்தினார்கள். 2023 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். பணத்துக்காக மட்டுமே வாயிலில் நிற்பவர் மூன்றாண்டுகள் கதவை மூடிவைப்பாரா?

அந்த நீரும் நாம் படத்தில் காண்பதுபோல் அசையாமல் நிற்பதன்று. 2008 ஆகஸ்டு வெள்ளத்தில் ஆறு தடம் மாறி, பழைய நவாஹோ அருவி வறண்டது; புதிய அருவிகள் தோன்றின. நான் போய்வந்த மூன்று மாதங்களில், 2024 ஆகஸ்டில், திடீர் வெள்ளம் ஒரு பெண்ணின் உயிரைக் கொண்டுபோயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோரை ஹெலிகாப்டரில் மீட்டனர். பெரும்பள்ளத்தின் தெற்கே 2024 தொடக்கத்தில் ஒரு யுரேனியச் சுரங்கம் கனிமம் எடுக்கத் தொடங்கியது. நிலத்தடி நீர் கெடும் என்று பழங்குடியினர் எதிர்த்து வருகின்றனர். அந்த நிலத்தடி நீரிலிருந்துதான் ஹவாசு ஓடை ஊறுகிறது. என் நானூறு படங்களில் இவற்றுள் எதற்கும் இடமில்லை.

திணை பயிற்றுவிப்பவன் நான். நிலமும் பொழுதும் முதற்பொருள். அதனோடு நில்லாமல் தெய்வம், உணவு, விலங்கு, மரம், தொழில் என்று கருப்பொருளையும், மாந்தர் உணர்வை உரிப்பொருளாகவும் வைத்தது தொல்காப்பியம். ஆண்டுதோறும் இதைக் கரும்பலகையில் எழுதுகிறேன். என் படங்களிலோ முதற்பொருள் மட்டுமே இருந்தது.

அப்படியானால் தடையை மீறி ஊராரைப் படம் எடுத்திருக்க வேண்டுமா? கூடாது. தம் முகம் அயலான் பெட்டிக்குள் போகக் கூடாது என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. படம் எடுக்கக் கூடாத இடத்தில் நமக்கு மிஞ்சுவது சொல். ஆளில்லாத படத்தை வெளியிடுகிறவன், அது யாருடைய நிலம் என்பதைப் படத்தின் கீழாவது எழுதக் கடமைப்பட்டவன் என்பது என் கருத்து. பயணப் படங்கள் பகிரும் நண்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

என் படத்தின் குறிப்பை மாற்றிவிட்டேன். இப்போது அங்கே இருப்பது: 'ஹவாசு அருவி. சுபாய் ஊராருக்கு உரியது. அவர்கள் அனுமதியுடன் மூன்று இரவுகள் தங்கியிருந்தேன்.' அடுத்த வகுப்பில் அந்த மாணவியிடம் இதைக் காட்ட வேண்டும்.